வலஞ்சுழி: யாருக்கு வலம்?

கேள்விக்குறி, பிப்ரவரி 3, காலை 10.12

மூன்று ஃபேஸ் பம்ப்செட் கையேடு ஒன்றைத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. 'கிளாக்வைஸ்' வரும் இடமெல்லாம் 'வலஞ்சுழி' என்று போட்டுக்கொண்டு வந்தேன். பள்ளிப் பாடநூலில் திருப்புத்திறன் பாடத்திலும் அதே சொல்தான். ஆனால் வலம்புரிச் சங்கை விலங்கியல் இடஞ்சுழி என்கிறது. அப்படியானால் இந்தச் சொல்லுக்கு நிலையான பொருள் கிடையாது. பேசாமல் எல்லா இடத்திலும் 'கடிகாரத் திசை' என்று மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மரைகழண்டவன், பிப்ரவரி 3, காலை 11.40

மாற்றினாலும் வம்பு தீராது. கண்ணாடிக் கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் முள் எந்தப் பக்கம் ஓடும்?

பம்ப்பையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் தயாரிப்பவர்களுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) விதிப்படி, சுற்றும் திசையைச் சொல்பவர் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் நின்று மோட்டாரைப் பார்க்க வேண்டும். யு1, வி1, டபிள்யூ1 முனைகளுக்கு ஃபேஸ்களை அதே வரிசையில் கொடுத்தால், அங்கிருந்து பார்க்க வலஞ்சுழி. பம்ப்காரர்களும் தண்டுப் பக்கம் நின்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் தண்டு பம்ப்பின் தண்டு. கப்ளிங்கில் இரண்டு தண்டும் எதிரும் புதிருமாக முகம் பார்த்துச் சேர்கின்றன. மோட்டார் பக்கம் வலஞ்சுழி என்றால் பம்ப் பக்கம் அது இடஞ்சுழி. இரண்டு கையேடும் சரி, இரண்டையும் சேர்த்துப் படித்த ஃபிட்டர் மட்டும் தப்பாகப் பூட்டுவார்.

ஆகவே எந்தச் சொல்லைப் போட்டாலும் 'மோட்டாரின் விசிறிப் பக்கம் நின்று பார்த்தால்' என்ற ஐந்து சொல் கூடவே வர வேண்டும். விசிறிப் பக்கம், அதாவது தண்டுக்கு எதிர்ப்பக்கம், என்று சொல்வதற்குக் காரணம், மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக வரும் மோனோபிளாக்கில் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

மரைகழண்டவன், பிப்ரவரி 3, மாலை 6.05

கையேட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் விடுகிற இடம்.

திசை மாற்ற மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மட்டும் மாற்றிப் போட வேண்டும். சிவப்பு-மஞ்சள்-நீலம் என்று இருந்ததை மஞ்சள்-சிவப்பு-நீலம் ஆக்கினால் திசை மாறும். மஞ்சள்-நீலம்-சிவப்பு என்று மூன்றையும் நகர்த்தினால் மாறாது, வரிசை அப்படியே இருக்கிறது. 'மூணையும் மாத்திட்டேன் சார், அப்பவும் ரிவர்ஸ்தான் ஓடுது' என்பதன் பொருள் இதுதான்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் மோட்டாருக்குப் போகும் ஆறு ஒயரில் கை வைக்கக் கூடாது. ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று ஒயரில்தான் மாற்ற வேண்டும். ஆறில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் ஸ்டாரில் ஒரு திசையும் டெல்டாவுக்கு மாறும்போது தப்பான இணைப்புமாக ஆம்பியர் எகிறி ரிலே தட்டிவிடும், அல்லது காயில் வாசனை வரும்.

போர் மோட்டார் என்றால் சுற்றுவதைப் பார்க்க முடியாது. வெளியேற்றும் வால்வை மூடிவிட்டு, சில நொடி மட்டும் ஓட்டி, பிரஷர் கேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒயரை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அழுத்தம் அதிகம் காட்டிய திசைதான் சரி. மூடிய வால்வோடு நிமிடக்கணக்கில் ஓட விடாதீர்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் சூடாகிவிடும்.

இன்னொன்று. திசை மாறினால் தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்கே போகும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மையவிலக்கு பம்ப்பில் அப்படி நடக்காது. அதே குழாயில்தான் வரும், சோர்வாக வரும், இரைச்சல் கூடும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் ஓடுகிறது. லைனில் வேலை நடந்து ஃபேஸ் வரிசை மாறி வந்தால் ஒரு தெரு மோட்டார் முழுக்க ரிவர்ஸில் ஓடும். ஃபேஸ் வரிசையையும் கவனிக்கிற பிரிவென்டர் போட்டிருந்தால் ஸ்டார்ட்டே ஆகாது. இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் உள்சக்கரத்தை, மரையில் திருகிய பம்ப் என்றால் நிலைமை வேறு: ரிவர்ஸில் இம்பெல்லர் தானே கழன்று முன் மூடியில் உரசும்.

முத்துக்குளித்துறை, பிப்ரவரி 4, காலை 7.30

சங்குக்கு வருகிறேன். விலங்கியலும் வழக்கும் ஒரே சங்கை இரண்டு விதமாகப் பிடிக்கின்றன, அவ்வளவுதான்.

சங்குக்கு இரண்டு முனை. ஊதும் சங்கில் வெட்டித் துளை எடுப்பது சுருள் முனை. அபிஷேகத் தண்ணீர் வழிந்து விழுவது மறுமுனை, மூக்கு. விலங்கியலார் சுருள் முனையை மேலே வைத்து, வாயைத் தம் பக்கம் திருப்பி, வாய் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார்கள். நம்மவர்கள் மூக்கை மேலே வைத்துப் பார்ப்பார்கள். தலைகீழாகப் பிடித்ததால் வலம் இடமாயிற்று. தூத்துக்குடிக் கடலில் குவியலாக வருவது நம் கணக்கில் இடம்புரி, அவர்கள் கணக்கில் வலம். அபூர்வமாக வருவது நம் வலம்புரி, அவர்களுக்கு இடம்.

கேள்விக்குறி, பிப்ரவரி 4, காலை 9.15

இடிக்கிறதே. ஒரு போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மரை மாறிவிடுகிறதா? எந்தப் பக்கம் பிடித்தாலும் அது வலது மரைதான். சங்கும் முறுக்குதானே? பிடிக்கிற விதத்தில் எப்படி மாறும்?

முத்துக்குளித்துறை, பிப்ரவரி 4, மதியம் 1.50

சரியான பிடி. நான் எழுதியது பாதிதான் சரி.

தலைகீழானால் மாறுவது வாய் விழும் பக்கம். முறுக்கு மாறாது. முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், நம் வலம்புரிச் சங்கு எப்படிப் பிடித்தாலும் இடது மரைதான். நம் பெயர் முறுக்கிலிருந்து வந்ததல்ல, வாய் திறக்கும் பக்கத்திலிருந்து வந்தது என்று வைத்தால் குழப்பம் இல்லை.

ஆனாலும் 'புரி' என்ற சொல் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறதே என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. வலம்புரிச் சங்கின் சுருள் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு, வாயில் தொடங்கி உள்ளே முனை வரைக்கும் விரலால் கோடு போடுங்கள். வலமாகச் சுற்றி உள்ளே போகும். அதே கோட்டை முனையில் தொடங்கி வெளியே கொண்டுவந்தால் இடமாகச் சுற்றும். சங்கு வளர்வது உள்ளிருந்து வெளியே, ஆகவே வளர்ச்சியைப் பார்க்கிறவருக்கு இடம். உள்ளே நுழைகிறவருக்கு வலம். தட்டையான சுருள் எதற்கும் இந்த இரட்டை வேடம் உண்டு, எங்கே தொடங்குகிறீர்கள் என்று சொல்லாமல் திசை சொல்ல முடியாது.

முத்துக்குளித்துறை, பிப்ரவரி 4, மதியம் 2.20

வாங்குகிறவர்களுக்காக ஒரு துண்டு. கடையில் 'வலம்புரி' என்று வருபவற்றில் ஒரு பெரும் பங்கு நம் சங்கே அல்ல. அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் வேறோர் இனம். அதற்கு இடது முறுக்குதான் இயல்பு, ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் பிறக்கும், அபூர்வம் ஒன்றும் இல்லை. தோள்பட்டையில் இருக்கும் முண்டுகளைத் தேய்த்து, மெருகேற்றி விற்கிறார்கள்.

வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் சங்கில் மூன்று அல்லது நான்கு வரப்பு தெளிவாகத் தட்டுப்படும். அந்த அமெரிக்கச் சங்கில் வழவழவென்று இருக்கும். நிழற்படம் பார்த்து வாங்குவது இன்னும் மோசம்: இடம்புரிச் சங்கின் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டால் ஒரு நொடியில் வலம்புரி தயார். பக்கத்தில் நாணயமோ எழுத்துள்ள தாளோ வைத்துப் படம் கேளுங்கள். எழுத்து திரும்பியிருந்தால் சங்கும் திரும்பியிருக்கிறது.

புரிநூல், பிப்ரவரி 4, இரவு 9.00

மேலே நடந்த சண்டைக்குள்ளேயே விடை கிடக்கிறது. தமிழில் இரண்டு சொல் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

சுழி என்பது சுழற்சி. பார்க்கிறவர் பக்கம் மாறினால் பெயர் மாறும். புரி என்பது முறுக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் மாறாது, கண்ணாடியில் மட்டும்தான் மாறும். கயிற்றுக்குப் புரி, திருகுக்கும் பாடநூலில் புரி, புரி இடைத்தூரம் என்று அளக்கவே செய்கிறோம். எனவே மோட்டாருக்கு வலஞ்சுழி, போல்ட்டுக்கு வலப்புரி. சங்கு மட்டும் பழைய பெயரோடு விதிவிலக்காக இருந்துவிட்டுப் போகட்டும். மூத்தவர், ஒன்றும் சொல்ல முடியாது.

புரியைச் சோதிக்க: பொருளை நிமிர்த்திப் பிடியுங்கள். முன்பக்கம் தெரியும் கோடு வலப்பக்கம் ஏறினால் வலப்புரி, இடப்பக்கம் ஏறினால் இடப்புரி. தலைகீழாக்கிப் பாருங்கள், அதே விடைதான் வரும். நூற்பாலையில் வலப்பக்கம் ஏறுவதை 'இசட்' முறுக்கு என்பார்கள், அந்த ஆங்கில எழுத்தின் நடுக்கோடு அப்படிச் சாய்ந்திருப்பதால். எதிர்ப்பக்கம் 'எஸ்'.

கயிற்றில் முக்கியமான விதி, ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்குக்கு எதிர். மூன்று புரிக் கயிறு பெரும்பாலும் வெளியே இசட். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு புரியும் எஸ். அந்தப் புரிக்குள் இருக்கும் இழை மறுபடி இசட். ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது இறுகும், அந்த இழுபறிதான் கயிறு. இரண்டு அடுக்கையும் ஒரே பக்கம் முறுக்கினால் கையை விட்ட உடனே பிரிந்து பாம்பாக நெளியும். வெளியே இசட் உள்ள கயிற்றைச் சுருட்டி வைக்கும்போது வலமாகச் சுருட்ட வேண்டும். இடமாகச் சுருட்டினால் அடுத்த முறை இழுக்கும்போது முண்டு முண்டாக விழும்.

புரிநூல், பிப்ரவரி 5, காலை 6.45

நேற்று எழுதியதில் ஓர் அடிக்குறிப்பு விட்டுப்போச்சு. தையல் நூல் வியாபாரத்தில் இசட் முறுக்கை 'லெஃப்ட் ட்விஸ்ட்' என்பார்கள். ஆமாம், வலப்புரிக்கு அங்கே பெயர் இடது. சாதாரண லாக்ஸ்டிட்ச் மெஷினுக்கு இசட் நூல்தான் சரி. எஸ் நூலைப் போட்டால் ஊசியும் கொக்கியும் ஒவ்வொரு தையலுக்கும் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டு, ஊசிக் காதருகே நூல் பஞ்சாகி அறும். கோன் அட்டையில் 'லெஃப்ட்' என்று பார்த்துப் பயப்படாமல் எழுத்தைப் பாருங்கள்: எஸ்ஸா, இசட்டா.

சும்மாபோறவன், பிப்ரவரி 5, காலை 8.10

தலையில் ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்க. ஒண்ணு வலஞ்சுழி, ஒண்ணு இடஞ்சுழின்னா என்ன கணக்கு? கட்டிக்கிட்டு உடனே விலகிடுவாங்களா?

அப்புறம், மூணு சுழி ண எந்தச் சுழி?

மரைகழண்டவன், பிப்ரவரி 5, காலை 8.55

தம்பி, பெரும்பாலானவர் உச்சந்தலையில் ஒற்றைச் சுழி, பின்னால் நின்று பார்த்தால் வலம். ரெட்டைச் சுழியைப் பற்றி என் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாது.

புரிநூல் சொன்ன பிரிவினை பட்டறைக்குச் சரிப்பட்டு வரும். இடது மரை எங்கெங்கே என்று தெரியாமல் உடைத்த சாமான்கள் ஏராளம் என்பதால் எழுதுகிறேன்.

அசிட்டிலின் உள்ளிட்ட எரியும் வாயுச் சிலிண்டர் இணைப்புகள் இடது மரை, ஆக்சிஜன் வலது மரை. ஒன்றுக்கு மற்றது ஏறக் கூடாது என்பதற்காகவே அப்படி. இடது மரை நட்டின் ஆறு மூலையிலும் சின்ன வெட்டு இருக்கும், இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

சைக்கிள் இடது பெடல் இடது மரை. இங்கே வலம் இடம் என்று யோசிக்கவே வேண்டாம். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்க வைத்துப் பின்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். நம்மூர் சைக்கிளில் செயின் பக்க பி.பி. கப்பும் (பெடல் அச்சின் பேரிங்கைப் பிடிக்கும் கிண்ணம்) இடது மரை. அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்கள் பாதிப்பேர் இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடிக்கிற நட்டும் இடது மரை. முன்னால் நின்றால் இறக்கை வலமாகச் சுற்றும். சுவிட்ச் போட்ட நொடியில் தண்டு ஓடத் தொடங்க, நட்டு தன் கனத்தால் பின்தங்கும். வலது மரையாக இருந்தால் அந்தப் பின்தங்கலே அதை அவிழ்க்கும். இடது மரை என்பதால் இறுக்குகிறது. கழற்ற வலமாகத் திருக வேண்டும். அதற்குப் பின்னால் கூண்டைப் பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் வளையம் சாதாரண மரை. ஒரே ஃபேனில் முன்னே ஒரு கட்சி, பின்னே ஒரு கட்சி.

கிழங்குத்தோட்டம், பிப்ரவரி 6, மாலை 4.30

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்களுக்கு அது மணிக்கூடு, சுத்திறது என்னவோ அதே பக்கம்தான்.

கொடியையும் சேர்க்கலாம். ராசவள்ளிக் கொடி கொழுகொம்பில ஏறுகிற பக்கமும் சிறுவள்ளிக் கொடி ஏறுகிற பக்கமும் எதிரெதிர். கிழங்கு வெளியில வர முதலே எது எதெண்டு பிரிக்கத் தாவரவியல்காரர் இதைத்தான் முதல் அடையாளமாப் பாக்கிறவை. அவரைக் கொடி வலப்புரி: தண்டின் முன்பக்கம் வலப்பக்கமா ஏறும். ஆனா அதையே மேல நிண்டு குனிஞ்சு பாத்தா நுனி இடமாச் சுத்தி வளரும். ஆகவே ஒரே கொடியை ஒருத்தர் வலம் எண்டும் மற்றவர் இடம் எண்டும் எழுதிவைச்சிருக்கினம். பழைய தாவரவியல் நூல்களிலேயே இந்தச் சண்டை கிடக்கு. புரி வேற, சுழி வேற எண்டு மேல ஒருவர் சொன்னது இங்க நல்லாப் பொருந்தும்.

கைவேலைக்கு: காத்தில விழுந்த அவரைக் கொடியை எடுத்துக் கட்டேக்க, அது ஏறுகிற பக்கமே சுத்திவிடுங்கோ. எதிர்ப்பக்கம் சுத்தினா நுனி தானா அவிண்டு, ஒரு இரவில சரிஞ்சு போகும்.

பாகல், பீர்க்குக் கொடியின்ர பற்றுச்சுருள் இன்னும் விசேசம். நுனி கம்பியைப் பிடிச்ச பிறகு நடுவில சுருளத் தொடங்கும். இரண்டு முனையும் கட்டுப்பட்டதால ஒரு பக்கம் மட்டும் சுருள ஏலாது. நடுவில ஒரு நேர்த்துண்டு இருக்கும், அதுக்கு ஒரு பக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி, சுத்துக்களும் ஏறக்குறையச் சமன். பந்தலில போய் ஒண்டைப் பறிச்சுப் பாருங்கோ.

கேள்விக்குறி, பிப்ரவரி 6, இரவு 8.00

பறித்துப் பார்த்தாயிற்று. நடுவில் திரும்புகிறது. பழைய தொலைபேசி ரிசீவர் ஒயரும் நடுவில் இப்படித்தான் மாறிக்கொண்டு அடம்பிடிக்கும்.

நாலாம்பிரகாரம், பிப்ரவரி 7, காலை 6.10

வலம் வருதல் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற தொல்லையே இல்லாத சொல் அது. சுற்றப்படும் பொருள் என் வலக்கைப் பக்கம் இருக்கிறது, நான் முன்னோக்கி நடக்கிறேன். மேலிருந்து பார், கீழிருந்து பார் என்று யாரும் கேட்க முடியாது. கடிகாரம் தேவையில்லை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், யாருக்கும் திசை தப்பாது. நம்மூர் ரவுண்டானாவும் வலம்தான், நடுத்திட்டு ஓட்டுநரின் வலப்பக்கம். ஓட்டப்பந்தயத் தடம் மட்டும் இடம்.

எதிர்ச்சுற்றுக்கு அப்பிரதட்சணம் என்று பெயர். பல ஊர்களில் சாவுச் சடங்கில் மட்டும் வருவது. பிரதோஷ வேளையில் சோமசூத்திரப் பிரதட்சணம் இரண்டையும் கலக்கிறது: நந்தியிடம் தொடங்கி இடமாகச் சண்டிகேசுவரர் வரை, திரும்பி நந்திக்கு, பிறகு வலமாகக் கோமுகி வரை, மறுபடி திரும்பல். அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகியைத் தாண்டக் கூடாது என்பது காரணம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருவலஞ்சுழியில் காவிரி வலமாகச் சுழித்ததால் ஊருக்குப் பெயர் என்பது தலபுராணம். வெள்ளைப் பிள்ளையார் இருக்கும் ஊர். பிள்ளையார் என்றதும் நினைவு வருகிறது: வலம்புரி விநாயகர் என்றால் தும்பிக்கை அவருடைய வலப்பக்கம் திரும்பியிருக்கும், எதிரே நிற்கும் நம்முடைய இடப்பக்கம். படம் பார்த்துச் செதுக்குகிறவர் இதில் ஒருமுறையாவது தடுமாறுவார்.

எழுத்துப் பிழை ஒன்று: 'வலம்சுழி' அல்ல, வலஞ்சுழி. சகரத்துக்கு முன் மகரம் ஞகரமாகும். கையேட்டில் கவனிக்க.

நாலாம்பிரகாரம், பிப்ரவரி 7, காலை 7.40

கடிகாரம் ஏன் வலமாகச் சுற்றுகிறது என்றும் சொல்லிவிடலாம். சூரியனைப் பார்த்துத்தான். சூரியன் வலமாக எழுந்து திரிகிறது என்பது சங்கப் பாட்டிலேயே வரும் வழக்கு, 'வலன் ஏர்பு' என்று. நிழற்கடிகாரத்தில் நிழல் ஓடிய பக்கமே முள்ளுக்கும் வந்தது. அதனால் வலஞ்சுழியும் கடிகாரத் திசையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முத்துக்குளித்துறை, பிப்ரவரி 7, காலை 11.15

ஐரோப்பாவுக்கு அது சரி, பரவலான விளக்கமும் அதுதான். அங்கே உச்சிப்பொழுதில் சூரியன் எப்போதும் தெற்கே. தரையில் நட்ட கோலின் நிழல் மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கே போகும், வலஞ்சுழி. நம்மூரில் வருடம் முழுக்க அப்படி இல்லை.

சென்னை 13 பாகை வட அட்சம். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். அந்த மாதங்களில் நண்பகலை ஒட்டி நிழல் தென்மேற்கிலிருந்து தெற்கு வழியாகத் தென்கிழக்கே நகரும். இடஞ்சுழி. ஜூன் மாதம் மொட்டைமாடியில் ஒரு கம்பை நிறுத்தி, பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை அரை மணிக்கொரு சாக்பீஸ் புள்ளி வைத்தால் போதும்.

இன்னும் ஒன்று: தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரில் நிழற்கடிகாரம் வைத்தால் ஐரோப்பாவிலும் நிழல் இடமாகத்தான் சுற்றும். காலையில் இடப்பக்கம், உச்சியில் கீழே, மாலையில் வலப்பக்கம். அந்தச் சுவரைப் பார்த்துக் கடிகாரம் செய்திருந்தால் கதை வேறு.

நாலாம்பிரகாரம், பிப்ரவரி 7, மதியம் 12.30

ஒப்புக்கொண்டேன். தாய் ஒன்று, பிள்ளைகள் வருடத்தில் நான்கு மாதம் பேசிக்கொள்வதில்லை.

மரைகழண்டவன், பிப்ரவரி 8, காலை 10.00

கோடை வருகிறது, சீலிங் ஃபேன் கேள்விகளும் வரும். முன்கூட்டியே.

நம்மூர் சீலிங் ஃபேன் கீழே நின்று பார்த்தால் இடஞ்சுழி. மாடியில் துளை போட்டு மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி, அங்கே யாரும் படுப்பதில்லை. காயில் கட்டி வந்த பிறகு 'ஃபேன் ஓடுது, காத்து வரலை' என்றால் பாதி நேரம் திசைதான் காரணம். அதற்குச் சுழி தெரிய வேண்டியதில்லை: இறக்கையின் உயர்ந்த விளிம்பு முன்னே போக வேண்டும், தாழ்ந்த விளிம்பு பின்னே வர வேண்டும். மாறி ஓடினால் காற்று கூரைக்குப் போகிறது.

சரிசெய்ய: மெயினை அணைத்து, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மூன்று ஒயருக்கிடையே ஓம் பாருங்கள். அதிக ஓம் காட்டும் ஜோடி இரண்டு முனைகள், மிச்சம் காமன். கெப்பாசிட்டர், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே. மின்சாரத்தின் ஒரு ஒயர் காமனுக்கு, மற்றது இரண்டு முனைகளில் ஒன்றுக்கு. அந்த ஒன்று எது என்பதுதான் திசை. தப்பாக ஓடினால் அடுத்த முனைக்கு மாற்றுங்கள், வேறெதையும் தொட வேண்டாம்.

முத்துக்குளித்துறை, பிப்ரவரி 8, மாலை 5.20

மேலிருந்து, கீழிருந்து என்றதும் புயல். செயற்கைக்கோள் படத்தில் வங்கக் கடல் புயல் இடஞ்சுழி. தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அதே மேகம் வலமாகச் சுற்றும். கரையில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது வேறு: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம். கிழக்குக் கரையில் மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊருக்குக் கடலிலிருந்து காற்று, அலை ஏறும். தெற்கே இருக்கும் ஊருக்கு நிலத்திலிருந்து கடலுக்கு. 2016 டிசம்பர் 12 வர்தா சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்கிலிருந்தும், மையம் தாண்டிய பின் தெற்கிலிருந்தும் அடித்தது அதனால்தான்.

புரிநூல், பிப்ரவரி 9, காலை 9.30

வேதியியலையும் தொட்டுவிட்டு நிறுத்துகிறேன். ஒளியைச் சுழற்றும் பொருள்களில் வலஞ்சுழி என்றால், ஒளி நம் கண்ணை நோக்கி வரும்போது வலமாகத் திரும்புவது. கரும்புச் சர்க்கரைக் கரைசல் +66.5 பாகை. அதை அமிலத்தில் பிரித்தால் குளுக்கோசும் ஃபிரக்டோசுமாகி ஏறக்குறைய −20 பாகைக்குப் புரண்டுவிடும். பெயரின் முன்னால் வரும் 'டி' என்ற பெரிய எழுத்தை வலஞ்சுழி என்று படிக்காதீர்கள். டி-ஃபிரக்டோஸ் இடப்பக்கம் சுழற்றும்.

கேள்விக்குறி, பிப்ரவரி 9, இரவு 7.45

'எல்லாவற்றையும் கடிகாரத் திசை ஆக்கு' என்ற என் கட்சியைக் கலைத்துவிட்டேன். கையேட்டில் போகப்போவது இது:

"மோட்டாரின் விசிறிப் பக்கம் நின்று பார்க்கும்போது தண்டு வலஞ்சுழியாக, அதாவது மேற்புறம் உங்கள் வலக்கையை நோக்கி நகருமாறு, சுற்ற வேண்டும். ஒரு நொடி போட்டு அணைத்து, நிற்கப்போகும் விசிறியைப் பார்த்து உறுதி செய்யவும். மாறியிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று ஒயரில் இரண்டை மட்டும் இடம் மாற்றவும். பம்ப்பின் உடலில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடவும்."

மரைக்கு 'வலது மரை', 'இடது மரை' என்றே வைத்துவிட்டேன். வலப்புரி என்று எழுதினால் யாராவது சங்கை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

மரைகழண்டவன், பிப்ரவரி 9, இரவு 8.10

'நிற்கப்போகும் விசிறி' என்பது முக்கியம், விட்டுவிடாதீர்கள். முழு வேகத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் இறக்கை பின்னோக்கிப் போவது போலத் தெரியும்.

அம்புக்குறிக்கும் ஒரு வரி சேருங்கள். வார்ப்பில் புடைத்திருக்கும் அம்பை நம்பலாம். ஸ்டிக்கர் அம்பு என்றால், பெயின்ட் அடித்தபின் யார் எந்தப் பக்கம் திருப்பி ஒட்டினார்களோ.

சும்மாபோறவன், பிப்ரவரி 9, இரவு 8.30

மூணு சுழி ண-வுக்கு இன்னும் பதில் வரலை.